மாத்திரை கவர்ல வாரத்துக்குக் கட்டம் இல்ல

அம்மா கஞ்சி வேண்டாம்னு சொன்னா. எங்க வீட்ல அது சாதாரண விஷயம் கிடையாது, 30 வருஷம் அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரிப் பருப்பு கம்பெனியில, வேலை பாத்த மனுஷி, காலைல கஞ்சியும் பயறும் தேங்கா தொவையலும் இல்லன்னா அவளுக்கு விடிஞ்ச மாதிரியே இருக்காது. "வாயெல்லாம் எரியுது மக்கா, உப்பு பட்டா உயிரு போவுது"ன்னா. நான் சூடுன்னு நெனச்சேன். கொல்லையில நின்ன மணத்தக்காளிய பறிச்சு தேங்காப்பால் விட்டு வச்சு குடுத்தேன், இளநி வெட்டி குடுத்தேன், அப்படியே 3 நாளு போயிட்டு. அந்த 3 நாள இப்ப நெனச்சாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

நாலாவது நாள் ராத்திரி பல்லு ஈறுல இருந்து ரத்தம் வந்து தலகாணி உறையில பட்டிருந்தது, கையில எங்கயும் இடிக்காமலே நீல நீலமா கன்னிப் போயிருந்தது, காய்ச்சல் 101. விடியுறதுக்கு காத்திருக்காம ஆட்டோ பிடிச்சு நாகர்கோவிலுக்கு கொண்டு போனோம். அங்க டியூட்டியில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா வாய திறந்து பாத்துட்டு கேட்ட மொத கேள்வி, "மூட்டு வலிக்கு மாத்திரை எடுக்காங்களா?" அம்மாவுக்கு சரவாங்கி, விரல் மொழியெல்லாம் வீங்கி காலைல கைய மடக்கவே முடியாது, அதுக்கு புதுசா ஒரு மருந்து தொடங்கி 9 நாள்தான் ஆயிருந்தது. நான் பையில இருந்த மாத்திரை கவர அப்படியே மேசையில கொட்டினேன். அவங்க ரெண்டு அட்டைய எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு, விரல வச்சு எண்ணினாங்க. ஒண்ணுல 9 காலி. இன்னொண்ணுல 2 காலி. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

9 காலியா இருந்தது மெத்தோட்ரெக்ஸேட். 10 மில்லிகிராம், வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு, ஞாயித்துக்கிழமை மட்டும். 2 காலியா இருந்தது ஃபோலிக் ஆசிட்ங்குற சத்து மாத்திரை, அதுதான் தினம் போட வேண்டியது. அம்மா மாத்திப் போட்டுட்டா. 9 வாரத்துக்கு உள்ள மருந்து 9 நாளுல உள்ள போயிருக்கு.

எப்படி நடந்ததுன்னு அப்புறம் பைய பைய கேட்டு தெரிஞ்சுகிட்டேன். டாக்டர் சீட்டுல சரியாத்தான் எழுதியிருந்தாரு, வாரம் ஒருமுறைன்னு இங்கிலீஷ்ல. மெடிக்கல்ல குடுத்த பையன் வாயால சொல்லவும் செஞ்சிருக்கான், "ஒண்ணு தினம், ஒண்ணு ஞாயித்துக்கிழமை"ன்னு. ஆனா கவர்ல என்ன எழுதுவான்? அந்த கவர நீங்க எல்லாரும் பாத்திருப்பிய, காலை மதியம் இரவுன்னு மூணு கட்டம் அச்சடிச்சிருக்கும், அதுல கோடு போட்டு குடுப்பாங்க, அவ்வளவுதான். வாரத்துக்குன்னு ஒரு கட்டம் அதுல கிடையவே கிடையாது. ரெண்டு கவர்லயும் இரவு கட்டத்துல ஒரு கோடு. ரெண்டு மாத்திரையும் சின்னது, ரெண்டும் மஞ்சள், அட்டையில போட்டிருக்க கம்பெனி பேரு ரெண்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும். தமிழ் மட்டும் வாசிக்க தெரிஞ்ச 62 வயசு அம்மா, பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல கேட்டத வச்சு வீட்ல வந்து எது தினம் எது ஞாயிறுன்னு ஒரு நெனப்புல பிரிச்சு வச்சிருக்கா. நான் அந்த கவர ஒருக்க கூட எடுத்து பாக்கல. அந்த பையன திட்டுறதுக்காக இத எழுதல, அவன் சொன்னத சொன்னான். ஆனா அந்த மூணு கட்டத்த பாக்கும்போதெல்லாம் இப்பவும் எனக்கு ஆத்திரம் வரும்.

"இது கேன்சருக்கு குடுக்குற கீமோ மருந்துமா"ன்னு டாக்டரம்மா சொன்னப்பதான் எனக்கு தலை சுத்திச்சு. மூட்டு வலிக்கு எதுக்கு கீமோன்னு கேட்டேன். அதே மருந்துதான், அளவுதான் வேற, கேன்சருக்கு கிராம் கணக்குல கூட டிரிப்ஸ்ல போவும், சரவாங்கிக்கும் சொரியாசிஸுக்கும் வாரத்துக்கு ஒருக்க கொஞ்சூண்டு. சரியா எடுத்தா ரொம்ப நல்ல மருந்து, லட்சக்கணக்கான பேரு கை கால் கோணாம நடமாடுறது அதனாலதான், அதனால இத வாசிச்சுட்டு யாரும் பயந்து நிறுத்திராண்டாம், கேட்டியளா. அதோட கதையும் நம்ம நாட்டுக்கு சொந்தம் உள்ளதுதான். 1895ல பீமவரத்துல பிறந்து மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச யெல்லாப்ரகட சுப்பாராவ், அமெரிக்காவுல அவரோட ஆராய்ச்சிக் கூடத்துல ஃபோலிக் ஆசிட்ட செயற்கையா செஞ்சாங்க, அதே மாதிரி வேஷம் போட்டு உள்ள போய் அத வேலை செய்ய விடாம தடுக்குற மருந்தையும் செஞ்சாங்க. அப்படிப்பட்ட ஒரு மருந்த பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு குடுத்து 1948ல எழுதினாரு. அந்த வரிசையில வந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட்.

வேகமா பெருகுற செல்லுக்கு ஃபோலிக் ஆசிட் தேவை. கேன்சர் செல்லு வேகமா பெருகும், சரி. ஆனா நம்ம வாயோட உள் தோலு, குடலோட உள் தோலு, எலும்பு மஜ்ஜையில ரத்தம் ஊறுற இடம், இதுகளும் வேகமா பெருகுறதுதான். வாரத்துக்கு ஒருக்க குடுத்தா நடுவுல உள்ள 6 நாளுல அதுக எழும்பிரும். தினம் குடுத்தா எழும்ப நேரமே இல்ல. வாய்ப்புண், வயித்துப்போக்கு, வெள்ளை அணு கொறைஞ்சு காய்ச்சல், பிளேட்லெட் கொறைஞ்சு ரத்தக் கசிவு, எல்லாம் இதனாலதான். அம்மாவுக்கு வெள்ளை அணு 1100, பிளேட்லெட் 28,000. கிட்னி அளவும் கொஞ்சம் ஏறி இருந்தது. இந்த மருந்து வெளிய போறது கிட்னி வழியா, அம்மா நடுவுல கை வலிக்குன்னு மெடிக்கல்ல சும்மா வாங்கி போட்ட வலி மாத்திரையும் சேந்து அந்த வாசல இன்னும் அடச்சிருக்கு. சில ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், முக்கியமா மூத்திரக் கடுப்புக்கு குடுக்குற கோட்ரைமாக்ஸசோல் மெத்தோட்ரெக்ஸேட்டோட சேரவே கூடாது, அளவு சரியா போட்டவங்களுக்கு கூட அது ஓவர்டோஸ் மாதிரி ஆக்கிரும்.

உடனே டிரிப்ஸ் ஏத்தினாங்க, சோடா உப்பு மருந்து சேத்தாங்க, மூத்திரம் அமிலத்தன்மை போய் காரத்தன்மைக்கு மாறினாதான் மருந்து கிட்னியில படியாம கரைஞ்சு போவுமாம். ஃபோலினிக் ஆசிட் ஊசி 6 மணி நேரத்துக்கு ஒருக்க. நான் கேட்டேன், ஃபோலிக் ஆசிட் மாத்திரைதான் வீட்ல கெடக்கே, அத நாலஞ்சு குடுத்தா போதாதான்னு. அங்க இருந்த வயசான சிஸ்டர் ஒருத்தங்க சொல்லித் தந்தாங்க, குழித்துறை பாலத்த அடச்சு போட்டா இந்தப் பக்கம் எத்தனை பஸ்ஸு வந்து நின்னாலும் மார்த்தாண்டத்துக்கு போகாதுல்லா, மெத்தோட்ரெக்ஸேட் அடச்சு வச்சிருக்கது அந்தப் பாலத்தத்தான், ஃபோலிக் ஆசிட் அப்படித்தான் இந்தப் பக்கமே நிக்கும், ஃபோலினிக் ஆசிட் ஏற்கனவே அந்தக் கரையில நிக்குற வண்டி, பாலத்தோட உதவி அதுக்கு வேண்டாம். பேரு ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனா அந்த ஒரு எழுத்துதான் அம்மாவ காப்பாத்திச்சு.

ரொம்ப பேருக்கு தெரியாத ஒண்ணு, எனக்கும் அப்ப தெரியாது, மாத்திரைய நிறுத்தினா மறுநாள் சரியாயிரும்னு நெனச்சேன். இல்ல. செல்லுக்குள்ள போன மருந்து அங்கேயே தங்கிரும், ரத்தத்துல அளவு பாத்தா கொறைவா கூட காட்டும், ஆனா உள்ள வேலை நடந்துட்டே இருக்கும். ஆஸ்பத்திரியில சேத்த பிறகும் 4 நாளு அம்மாவோட அணுக்கள் எறங்கிட்டேதான் போச்சு. வெள்ளை அணு 800 ஆச்சு. தனி ரூம், வாசல்ல செருப்ப கழட்டி கை கழுவிட்டுதான் உள்ள போவணும், பூவும் பழமும் கொண்டு வராண்டாம்னு சொல்லிட்டாங்க. ஆன்டிபயாடிக், வெள்ளை அணு ஏற ஊசி, ரெண்டு தடவை பிளேட்லெட். அம்மா பேசக்கூட முடியாம கைய மட்டும் அசைப்பா. அஞ்சாவது நாள் காலைல ரிப்போர்ட் பாத்துட்டு சிஸ்டர் "ஏறுது"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க. 13வது நாள் வீட்டுக்கு வந்தோம். இன்னைக்கு இருக்கா, நல்லா இருக்கா, வேற மருந்துக்கு மாத்திட்டாங்க.

ஆஸ்பத்திரியில இருந்த நாளுல ஒறக்கம் வராம போன்ல வாசிச்சுட்டே இருப்பேன். அப்பதான் பெட்சி லேமன்னு ஒரு பெண்ண பத்தி தெரிஞ்சது. பாஸ்டன்ல ஒரு பெரிய பத்திரிகையில ஆரோக்கியத்த பத்தியே எழுதிட்டு இருந்தவங்க, 39 வயசு, மார்பகப் புற்றுநோய். சைக்ளோபாஸ்ஃபமைடுன்னு ஒரு கீமோ, 4 நாளுல பிரிச்சு குடுக்க வேண்டிய மொத்த அளவு சீட்டுல இருந்தது, அத ஒரு நாளைக்கு உள்ள அளவுன்னு எடுத்து 4 நாளும் முழுசு முழுசா குடுத்துட்டாங்க. 1994 டிசம்பர் 3ல இறந்து போனாங்க. எனக்கு ஏதோ தப்பா நடக்குதுன்னு கடைசி நாள் அவங்களே போன்ல சொல்லி வச்சிருக்காங்க. தப்பு என்னன்னு வெளிய வந்தது 2 மாசம் கழிச்சு, பழைய கணக்க சரிபாக்கும்போது. அது நடந்த இடம் எது தெரியுமா, அதே சிட்னி ஃபார்பர் பேருல உள்ள டானா ஃபார்பர், உலகத்துலயே பேரு கேட்ட கேன்சர் ஆஸ்பத்திரி. அதுக்கப்புறம் அவங்க முறையையே மாத்தினாங்க, அளவு எல்லைய தாண்டினா கம்ப்யூட்டரே தடுக்குற மாதிரி.

இன்னொண்ணு 2006ல கனடாவுல எட்மன்டன்ல. 43 வயசு பெண், ஃப்ளூரோயூராசில்னு கீமோ மருந்து, இடுப்புல கட்டுற சின்ன பம்பு வழியா 4 நாளுல சொட்டு சொட்டா போவணும். ஒரு நாளைக்கு 28.8 மில்லி. அத 24ஆல வகுத்தா மணிக்கு 1.2. அந்த கடைசி வகுத்தல் விட்டுப் போச்சு, பம்புல மணிக்கு 28.8ன்னு போட்டுட்டாங்க, இன்னொரு நர்ஸும் சரிபாத்து சரின்னுட்டாங்க. 4 நாள் மருந்து 4 மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. அப்ப அதுக்குன்னு அனுமதி குடுத்த மாத்து மருந்து, அதாவது வீரியத்த முறிக்குற மருந்து, இல்ல, மூணு வாரம் கழிச்சு அந்த அம்மா போயிட்டாங்க. இப்ப உண்டு. யூரிடின் ட்ரைஅசிடேட்னு, 2015 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, 10 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருக்க, 20 வேளை. ஆனா மருந்து முடிஞ்சு 96 மணி நேரத்துக்குள்ள தொடங்கிரணும். அங்கயும் நேரம்தான்.

மூணையும் சேத்து வச்சு பாத்தேன். பாஸ்டன்ல 4 நாள் ஒரு நாளாச்சு, எட்மன்டன்ல ஒரு நாள் ஒரு மணி நேரமாச்சு, எங்க வீட்ல ஒரு வாரம் ஒரு நாளாச்சு. மூணுலயும் மருந்து சரியான மருந்து, எண்ணும் சரியான எண்ணு. எவ்வளவுன்னு எல்லாரும் பாத்திருக்காங்க, எத்தனை நேரத்துக்குள்ளன்னு பாக்காம விட்டதுதான் தப்பு. படிச்ச நர்ஸு ரெண்டு பேருக்கும் பெரிய டாக்டருமாருக்கும் நடந்தது அம்மாவுக்கும் நடந்திருக்கு. அதுக்கப்புறம்தான் அம்மா மேலயும் என் மேலயும் இருந்த கோவம் எனக்கு கொறைஞ்சது. (எல்லா தப்பும் நேரத் தப்பு இல்ல, வின்கிரிஸ்டின்னு ஒரு மருந்து ரத்தக் குழாய்ல மட்டும்தான் போவணும், முதுகுத்தண்டு ஊசியா போயிட்டா உயிரயே எடுக்கும், அதனால சிரிஞ்சுல வைக்காம சின்ன டிரிப்ஸ் பையில கலந்து போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007ல எச்சரிச்சாங்க. குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வைத்தியம் பாக்குறவங்க இத கேட்டு தெரிஞ்சு வச்சுக்கிடுங்க.)

இப்ப சித்திக்கு குடல்ல கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சு கீமோ. விடியக்காலம் இரணியல்ல ரயிலேறி திருவனந்தபுரம் போவோம், நம்ம மாவட்டத்துக்காரங்க பாதிப் பேரு அப்படித்தானே, நெய்யூருக்கும் போறவங்க உண்டு. 3 வாரத்துக்கு ஒருக்க ஒரு டிரிப்ஸ், அதோட கேப்பசிடபின் மாத்திரை, காலைலயும் ராத்திரியும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள, 14 நாளு. அப்புறம் 7 நாளு ஒண்ணும் கிடையாது. அந்த 7 நாளுதான் எனக்கு பயம். அட்டையில மாத்திரை மிச்சம் இருந்தா, "மருந்து இருக்கே, எதுக்கு நிறுத்தணும்"னு கை தானா போவும். சித்தியும் கேட்டா, "கூட நாலு நாள் போட்டா சீக்கிரம் கொணமாவும்லா?"ன்னு. நான் அம்மாவோட அந்த 13 நாள ஒண்ணு விடாம சொன்னேன். அப்புறம் கேக்கல.

ஒவ்வொரு தடவையும் உயரமும் வெயிட்டும் பாப்பாங்க, சும்மா இல்ல, சென்டிமீட்டர்ல உள்ள உயரத்தையும் கிலோவுல உள்ள வெயிட்டையும் பெருக்கி 3600ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா உடம்போட பரப்பு வரும், அத வச்சுதான் அளவு போடுவாங்க. சித்தி முதல் ரெண்டு மாசத்துல 6 கிலோ எறங்கிட்டா, நான் விடாம சொன்னேன், திரும்ப கணக்கு போட்டு ஒரு மாத்திரை கொறச்சாங்க. கேக்க வெக்கப்படாண்டாம். இது ஒரு நாளைக்கு உள்ளதா, மொத்தத்துக்கு உள்ளதா, எத்தனை மணி நேரத்துல ஏறணும், எந்த நாள் நிறுத்தணும், நான் இந்த நாலையும் ஒவ்வொரு தடவையும் கேப்பேன், ஒரு சிஸ்டரும் இதுவரைக்கும் கோவப்பட்டதில்ல, ஒருத்தங்க என் கண்ணு முன்னாலயே இன்னொருக்க கணக்கு போட்டு காட்டினாங்க. சித்தி பக்கத்து கட்டில்ல ஒரு அண்ணாச்சிக்கு பந்து மாதிரி ஒரு பம்ப கட்டி வீட்டுக்கு அனுப்புவாங்க, 46 மணி நேரம் போவணும். அந்த பந்து ராத்திரியோட ராத்திரியா சுருங்கிட்டுன்னா மருந்து சீக்கிரம் முடிஞ்சுட்டேன்னு சந்தோசப்படக் கூடாது, அந்த நிமிஷமே டியூப அடச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணணும்னு அவர் வீட்டுக்காரிகிட்ட சிஸ்டர் சொல்லிக் குடுத்தத நானும் கேட்டு நின்னேன்.

இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சது. அம்மாவுக்கு காவலா குடுத்த அதே ஃபோலிக் ஆசிட் சித்திக்கு ஆகாது, கேப்பசிடபினோட வீரியத்த அது கூட்டி விட்டுரும். சத்து மாத்திரைதானேன்னு நான் எடுத்துக் குடுத்திருப்பேன். ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் போடுறவங்களும் கண்டிப்பா சொல்லிரணும். சிலருக்கு பிறவியிலேயே கேப்பசிடபின் மாதிரி மருந்த உடைக்குற என்சைம் கொறைவா இருக்கும், அவங்களுக்கு சரியான அளவே ஓவர்டோஸ்தான், அதனால முதல் வாரத்துலயே வாய்ப்புண்ணோ பேதியோ கடுமையா வந்தா கீமோன்னா அப்படித்தான் இருக்கும்னு தாங்கிட்டு இருக்கக் கூடாது.

ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா சேத்து போடக் கூடாது. வாந்தி எடுத்துட்டாலும் திரும்ப போடாண்டாம், கேட்டுட்டு போடுங்க. கூடுதலா போட்டுட்டாங்கன்னு தெரிஞ்ச உடனே அடுத்த வேளைய நிறுத்திட்டு, ஒண்ணும் செய்யலையே நல்லாத்தானே இருக்காங்கன்னு பாக்காம கெளம்பிருங்க, ஏன்னா அணு கொறையுறது வெளிய தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆவும், மாத்து மருந்து வேலை செய்யுற நேரமோ அதுக்குள்ள போயிரும். உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காண்டாம். அட்டை, கவர், சீட்டு எல்லாத்தையும் அப்படியே எடுத்துட்டு போங்க, காலி அட்டைய தூரப் போடாதீங்க, அம்மாவுக்கு அந்த காலி அட்டைதான் சாட்சி சொல்லிச்சு. கீமோ எடுக்குறவங்களுக்கு காய்ச்சல் 100.4 ஆனா பாரசிட்டமால் போட்டு படுக்க வைக்காண்டாம், ராத்திரி 2 மணின்னாலும் போவணும்.

இப்ப எங்க வீட்ல மெடிக்கல் கவர் உபயோகிக்கிறதே இல்ல. தினசரி கிழிக்குற காலண்டர்ல நானே தமிழ்ல எழுதிருவேன், மாத்திரை உள்ள தாள்ல எண்ணு, இல்லாத 7 தாள்லயும் பெருசா "இல்ல". தாள் கிழிச்சாதான் மாத்திரை. எங்களுக்கு மாத்திரை குடுக்குற மெடிக்கல் அண்ணன்கிட்ட அம்மா கதைய சொன்னேன், அவரு இப்ப வாரத்துக்கு ஒருக்க உள்ள மாத்திரைன்னா அந்த மூணு கட்டத்தையும் பேனாவால குறுக்க அடிச்சுட்டு கிழமைய முழுசா எழுதித்தான் குடுக்காரு, கேட்டு நிக்குறவங்கள திரும்ப ஒருக்க சொல்லவும் சொல்லுவாரு.

இன்னைக்கு ஞாயிறு, சித்திக்கு 14வது நாள். ராத்திரி வேளை முடிஞ்ச உடனே மிச்ச அட்டைய சித்தப்பா வாங்கி பீரோவுல வச்சு பூட்டிருவாரு, நாளைக்கு வாற திங்கள் இல்ல, அதுக்கு அடுத்த திங்கள்தான் அது வெளிய வரும். எண்ணி வைக்கணும், நான் அங்க கெளம்புறேன்.